கிரைண்டர் ஓடாத வெள்ளிக்கிழமை

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த லைன் வீடுகளில் ரகசியம் என்று எதுவும் தங்காது. அங்கே குடியிருப்பவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, கட்டியவனின் கஞ்சத்தனம் அப்படி. வீட்டுக்கு வீடு நடுவில் எழுப்பிய சுவரைக் கூரைவரை கொண்டுபோகாமல், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக் காசை மிச்சம் பிடித்துவிட்டான். அதற்கு மேல் ஒரே நீளக் கூரை. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். நடுவீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்கும்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் பாண்டிச்செல்விக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ. 'வீட்டிலிருந்தே பேச வேண்டும், அமைதியான அறையில் இருக்க வேண்டும்' என்று காக்கநாட்டுக் கம்பெனிக்காரர்கள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களும், ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொண்டவர்களும் கூப்பிட்டுத் திட்டுவார்கள். தமிழில் திட்டுகிறவர்களுக்குத் தமிழில் சமாதானம் சொல்ல ஆள் வேண்டும். வேலை அவ்வளவுதான்.

செல்வி அந்த வேலைக்காக ஏங்கிப்போயிருந்தாள். யூதத் தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காயும் கிராம்பும் விற்கிற கடையில் மூன்று வருஷம் நின்றே வேலை பார்த்தவள். மழைக்காலம் வந்து வெள்ளைக்காரர் வரத்து குறைந்ததும் முதலாளி, "சீசன் வரட்டும், கூப்பிடறேன்" என்றார். சீசன் வந்தது, போனது. அவர் கூப்பிடவில்லை. அம்மா மாடத்தி கார்ப்பரேஷனில் தெருப் பெருக்குகிறவள். மகளுக்கும் அங்கேயே பதிலாள் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமையும் கைவிட்டுப் போனால் திங்கட்கிழமை செல்வி விளக்குமாற்றைப் பிடிக்க வேண்டியதுதான். அம்மா பார்க்கிற வேலை கேவலம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த வேலை போட்ட சோற்றில்தான் பி.காம். வரை படித்தாள். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது. அவளுக்கு இந்த லைனைவிட்டு வெளியே போக வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காலையில் பஸ் ஏறிப் பாலம் தாண்டி, கண்ணாடி வைத்த கட்டடத்துக்குள் நுழைந்து, ஏசி காற்றில் ஒருமுறை உடம்பு சிலிர்க்க வேண்டும். மத்தியானம் அங்கேயே கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் அலுத்துக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டும். அந்த அலுப்பைக்கூட அவள் மனசுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டாள்.

தடையாக இருந்தது அம்பிளியின் கிரைண்டர்.

அம்பிளி பக்கத்து வீட்டுக்காரி. இட்லி, தோசை மாவு அரைத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் போடுகிறவள். புருஷன் வெலிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு லோடு இறக்கப் போய் முதுகில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து அந்தக் குடும்பம் ஓடுவது கிரைண்டரில்தான். சின்னக் கிரைண்டர் இல்லை, ஹோட்டலில் இருக்குமே, இடுப்பளவு உயரத்தில், அது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ஈட்டுக்கு ஈடு மாற்றிச் சாயங்காலம் வரை உருளும். விடியலிலேயே அரைத்து வைக்கலாம் என்றால் கொச்சிப் புழுக்கத்தில் கடைக்குப் போவதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும். அது ஓடும்போது செல்வி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

போன மாதம் வேறொரு கம்பெனியிலிருந்து போனில் கேள்வி கேட்டார்கள். "எனக்குப் பொறுமை ரொம்ப அதிகம்" என்று செல்வி சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அம்பிளி கிரைண்டரைப் போட்டாள். அந்தப் பக்கத்து ஆள், "எதாவது மில்லுக்குள்ள இருந்தா பேசுறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார். பொறுமை அதிகமுள்ள செல்வி போனை வைத்த கையோடு அம்பிளி வாசலில் போய் நின்று, "உங்க மாவால என் வேலை போச்சு" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "இந்த மாவாலதான் மோளே என் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது" என்றாள் அம்பிளி, குரலை உயர்த்தாமல். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சுவர் கூரையைத் தொடாத இடத்தில் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஒருத்தி இருமினால்கூட இன்னொருத்தி கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் குடித்தாள், தாகம் இல்லை. அலமாரியைத் திறந்து சுடிதாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் அவள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் பள்ளுருத்தி போய்ச் சேர்ந்திருக்கலாம். வேலை முடிந்து வந்த மாடத்தி கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் அவள் பக்கத்தில் போய், "அம்மா, நீ கஸ்டமர். நான் ஆபீஸ். என்கிட்ட சண்டை போடு" என்றாள்.

"நான் எதுக்குட்டி உன்கிட்ட சண்டை போடணும்?"

"சும்மா. பழகணும்ல. வணக்கம், நான் செல்வி பேசுறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

"ஒரு உதவியும் வேண்டாம். நீ போயி ரெண்டு வாய் சோறு உண்ணு. காலையில இருந்து சாயா மட்டும்தான் குடிச்சிருக்க."

"சாயான்னு சொல்லாதம்மா. என் வாயிலயும் அப்படியே வந்துரும். டீன்னு சொல்லு."

மாடத்தி மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இதெல்லாம் இருக்கட்டும். அம்பிளிகிட்ட சொன்னியா?"

"நீ போய்ச் சொல்லேன்."

"சண்டை போட்டது நீ. நான் போனா என்ன மரியாதை? நீதான் போகணும்."

செல்வி போனாள். போவதற்கு முன் துப்பட்டாவை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாள், ஏதோ அம்பிளியும் இன்டர்வியூ எடுக்கப் போவதைப் போல. அம்பிளி கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

"சேச்சி, நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு..."

"அறியாம்" என்றாள் அம்பிளி. தெரியும் என்பதுதான். சுவருக்கு மேல் திறந்த இடைவெளியை மாவு படிந்த விரலால் காட்டினாள். "மூணு நாளா நீ வணக்கம் வணக்கம்னு சொல்றது கேட்டுட்டுத்தான் இருக்கேன். என் சின்னவனும் இப்ப வணக்கம்னுதான் சொல்றான்."

செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அன்னைக்கு நான் பேசினது தப்பு சேச்சி."

"அதெல்லாம் போட்டே, விடு. நாளைக்கு நான் கிரைண்டர் போடல. காலையில மாவு இல்லேன்னு கடைக்கெல்லாம் சொல்லிட்டேன். நீ முடிச்சதும் போட்டா சாயங்காலக் கடைக்காவது கொடுக்கலாம். பேடிக்கண்டா, பயப்படாத. ஒரு நாள் அல்லே."

ஒரு நாள்தானே. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு செல்வி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அன்றைக்கு அது பெரிய தர்மமாகப் பட்டது.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மற்ற வீடுகளெல்லாம் காலியாகும். ஆட்டோ ஓட்டும் இசக்கிராஜாவின் மூத்த மகளைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலிகள் மாடத்தியுடையவை, குடித்த கோப்பைகள் அம்பிளியுடையவை, மிதித்த விரிப்பு கோடி வீட்டு முகமது இஸ்மாயிலுடையது. 'வசதியான இடம்' என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. நாளைக்கு நம் வீட்டுக்கும் ஆள் வரும். காரியம் முடிந்ததும் நாற்காலி நாற்காலிக்காரன் வீட்டுக்கும் கோப்பை கோப்பைக்காரி வீட்டுக்கும் போய்விடும்.

கம்பெனிக்காரர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள் என்றதும் லைன் தனக்குத் தெரிந்த அந்த ஒரே முறைப்படி தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே இசக்கிராஜாவின் இளைய மகள் ஸாதனா லேப்டாப்பையும் இயர்போனையும் மேஜை விளக்கையும் கொண்டுவந்து வைத்தாள். இஸ்மாயில் வீட்டிலிருந்து குஷன் வைத்த நாற்காலி வந்தது. அம்பிளி தன் புதுத் திரைச்சீலையைத் தானே ஆணியடித்து மாட்டினாள். அடுப்பு, அரிசி டிரம், மாடத்தியின் மழைக்கோட்டு எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் மறைந்தன. லேப்டாப்பில் பார்த்தால் வேறு யார் வீடோ மாதிரி இருந்தது. பத்தரை மணிக்கு மேல் இரவல் சாமான்களில் கடைசியாக அமைதியும் வந்து சேர்ந்தது. மாடத்தி லீவு சொல்லிவிட்டு வந்து வாசலில் காவல் நின்றாள். டிவிகள் அணைந்தன, மிக்சிகள் வாய் மூடின. இசக்கிராஜா ஆட்டோவைச் சந்து முனையில் குறுக்கே நிறுத்தி, ஹாரன் அடித்துக்கொண்டு வந்த மீன்காரனை அங்கேயே மடக்கினார். பெண்கள் சந்து முனைக்குப் போய் விரலைக் காட்டியே விலை பேசி மத்தி வாங்கி வந்தார்கள். கொச்சியில் வாயைத் திறக்காமல் மீன் வாங்கிய முதல் ஜனங்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

உள்ளே செல்விக்கு அந்த அமைதியே படபடப்பைக் கூட்டியது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தங்களெல்லாம் கேட்டன. கடிகாரம் கேட்டது. தன் மூச்சு கேட்டது. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள், பார்த்ததை மறந்து மறுபடியும் பார்த்தாள். பொட்டைக் கொஞ்சம் மேலே வைத்தாள், கீழே இறக்கினாள். உள்ளங்கை வியர்வையைச் சுடிதாரில் துடைத்து, ஈரம் தெரிகிறதே என்று துப்பட்டாவை அதன் மேல் இழுத்துவிட்டாள். எல்லாரும் தனக்காக வாயைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், இதற்கு மேலும் கிடைக்காவிட்டால் வெளியே போய் எந்த முகத்தைக் காட்டுவது என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

செல்வி இயர்போனை மாட்டிக்கொண்டாள், அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். லேப்டாப்பில் வந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். முடியைக் கத்தரித்துவிட்டிருந்தார், சிரித்த முகம்.

"வணக்கம் பாண்டிச்செல்வி. நான் சுபாஷிணி. டென்ஷன் வேண்டாம், சும்மா பேசலாம்."

முழுப்பெயரைச் சொல்லி ஒருத்தர் கேலி இல்லாமல் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. பள்ளியில் அந்தப் பெயரின் முன்பாதியை, தமிழர்களை மலையாளிகள் கேலி செய்கிற 'பாண்டி'யைச் சொல்லித்தான் பிள்ளைகள் அவளை அழவைப்பார்கள். கடையில் வெறும் செல்வியாகச் சுருங்கியிருந்தாள். இப்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

படிப்பைப் பற்றிக் கேட்டார், கடையைப் பற்றிக் கேட்டார். பிறகு, "இப்ப நான் கஸ்டமர்" என்று சொல்லிவிட்டு அந்தச் சிரித்த முகத்தோடேயே திட்ட ஆரம்பித்தார். குக்கர் வந்திருக்கிறது, மூடி வரவில்லை, மூடி இல்லாத குக்கரை வைத்து என்ன செய்வது, உங்கள் கம்பெனியே திருட்டுக் கம்பெனி. செல்வி பதறவில்லை. ஆளைப் பேசவிட்டாள். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "இன்னைக்கு வீட்டுல சமையலுக்கு என்ன பண்ணுனீங்க மேடம்?" என்று கேட்டாள். சுபாஷிணி எதையோ குறித்துக்கொண்டார். "பரவாயில்லையே, இதை யாரும் கேட்டதில்லை" என்றார். செல்விக்குக் காது மடல் சூடேறியது. கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் யாரோ சொன்னார்கள். கண்ணாடிக் கட்டடமும் பஸ்ஸும் அடையாள அட்டையும் கண் முன்னால் வந்து நின்றன.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்ன தெரியுமா?" என்றார் சுபாஷிணி. "உங்க வீடு. ரெண்டு நாளா ஆள் எடுக்கறோம். ஒருத்தர் வீட்டுல நாய், ஒருத்தர் வீட்டுல டிவி. நல்லாப் பேசுறவங்களைக்கூட வேண்டாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆபீஸ் காக்கநாட்டுல இருந்தாலும் தமிழ் டீம் மொத்தமும் வீட்டுல இருந்துதான் வேலை. நீங்க இங்க வரவே வேண்டியதில்லை. லேப்டாப் அனுப்பிடுவோம். காலையில ஒன்பதுல இருந்து ஆறு வரை. பின்னாடி சத்தம் கேட்டா மட்டும் பெரிய பிரச்சினை, ரெண்டு தடவை பார்ப்போம், அப்புறம் நிறுத்திடுவோம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை போல. எப்பவும் இவ்வளவு அமைதியாத்தான் இருக்குமா?"

அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருந்தார். செல்வி லேப்டாப்புக்கு மேலே பார்த்தாள். எதிரே திறந்த வாசல் தெரிந்தது. மாடத்தி நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அடுத்த வாசற்படியில் அம்பிளி இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஊறிய அரிசி அண்டா நிறைய இருந்தது. வேலை நேரத்தில் அம்பிளியின் கைகள் சும்மா இருந்து செல்வி பார்த்ததே இல்லை.

இல்லை மேடம், இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் திங்கட்கிழமை விளக்குமாறு. வாயைத் திறக்கும்வரை எதைச் சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"எப்பவும் இப்படித்தான் மேடம்" என்றாள்.

"ரொம்ப நல்லது. திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம். வாழ்த்துகள்."

லேப்டாப்பை மூடிய பிறகும் வெளியே யாரும் மூச்சு விடவில்லை. முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு யார் சொல்வது? மாடத்திதான் முதலில் தலையை நீட்டினாள்.

"முடிஞ்சுதாட்டி?"

"முடிஞ்சுது."

"என்ன சொன்னாவ?"

"கிடைச்சிருச்சும்மா. திங்கக்கிழமையில இருந்து."

அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தது. இசக்கிராஜா ஆட்டோ ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. இஸ்மாயில் வீட்டு டிவி பாதிப் பாட்டில் அலறிக்கொண்டு எழுந்தது. யாரோ தட்டைத் தட்டினார்கள். அம்பிளி ஓடிவந்து செல்வியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "என்டெ மோளே" என்றாள். "நான் போயி அரைக்கட்டும். அரி காத்துக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்த வேகத்தில் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் உருளத் தொடங்கியது. அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொண்டன.

மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தத்துக்கு மேல் கத்தினாள். "திங்கக்கிழமையில இருந்தா? எந்த பஸ்ஸுல போவ? காலையில கூட்டமா இருக்குமே. பை ஒண்ணு வாங்கணும், டப்பா வைக்கிற மாதிரி."

"முத நாள் நானே ஆட்டோவுல கொண்டு விடுறேன் அக்கா. மருமக கம்பெனி வாசல்ல இறங்கட்டும்" என்றார் இசக்கிராஜா.

செல்வி சிரித்தாள். சிரிப்பு முகத்தோடு ஒட்டவில்லை. போகவே வேண்டாம் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? எதிலிருந்து தப்பிக்க நினைத்தாளோ அதற்குள்ளேயே, இந்த நான்கு சுவருக்குள், ஒன்பது மணி முதல் ஆறு மணி வரை உட்கார ஒப்புக்கொண்டுவிட்டாள். அது அவள் பாடு. இவர்கள் பாடு என்ன? ஸாதனா லேப்டாப்பையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். இஸ்மாயிலின் மகன் நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். வழக்கப்படி எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இரவல் வாங்கியதில் அந்த அமைதியை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, அதை அவள் யாரிடமும் கேட்காமலேயே விற்றும் விட்டாள்.

ஆணியிலிருந்து திரைச்சீலையைக் கழற்றினாள். நான்காக மடித்தாள். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தாள். வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள். அம்பிளி உரலுக்குள் கையைவிட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். விடுபட்ட நேரத்தைப் பிடிக்கிற அவசரம் கையில் தெரிந்தது. மூலைக் கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் செல்வியைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை உயர்த்தினார்.

"சேச்சி" என்றாள் செல்வி. "அந்த வேலை... இங்க வீட்டுல இருந்துதான். தினமும்."

அம்பிளி நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை என்று. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எட்டிச் சுவிட்சை அணைத்தாள். கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"இப்போ பறயு மோளே" என்றாள்.